ஓலை வாசித்த மூன்று ஞாயிறுகள்

சித்தூர்
3-8-1977

அன்புள்ள ஞானமணிக்கு, அண்ணி எழுதுவது.

உன் அண்ணன் நேற்று சாயங்கால பஸ்ஸில் வந்து சேர்ந்தார். "பியூலாவ ஞானம் கிட்ட விட்டுட்டு வந்துட்டேன்" என்றதோடு சரி. சாப்பாட்டைத் தொடவில்லை. பெற்ற பெண்ணைக் காட்டில் விட்டுவிட்டு வரச் சொன்னவள் மாதிரி என்னைப் பார்க்கிறார். உன் ஹாஸ்டல் காடா? நீ அவருடைய கூடப்பிறந்த தங்கைதானே?

போன வருஷம் புத்தூரிலிருந்து பெரியவள் ஹெப்சியைப் பெண் பார்க்க வந்தவர்கள் கதை உனக்குத் தெரியும். பியூலா உள்ளே இருந்து ஓடி வந்து, அந்தப் பையனின் அம்மா கையில் கட்டியிருந்த வாட்சைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. விடுவிக்கப் போனால் வீடே அதிரும்படி கத்தல். வைத்த காபியை அவர்கள் தொடவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது அந்த அம்மாள் எங்கள் காதில் விழும்படியே, "பெரிசு நல்லாத்தான் கீது. சின்னது மாதிரி ஒண்ணு நம்ம வீட்ல பொறந்துச்சின்னா யார் பாக்கறது?" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஹெப்சி ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு இரண்டும் பெண், ஞானம். ஒன்றுக்காக இன்னொன்றை எத்தனை நாள் வீட்டில் வைத்திருப்பேன்?

இந்த ராணிப்பேட்டை வரன் கூடி வந்தது பெரிய பாக்கியம். பையன் பள்ளிக்கூடத்து வாத்தியார். "சின்னவ திருப்பதி ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறா" என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறோம். பொய் என்று நீ சண்டைக்கு வராதே. உன் ஹாஸ்டலில்தானே இருக்கிறாள்.

வரும் ஞாயிறு சபையில் முதல் கல்யாண ஓலை வாசிக்கிறார்கள். அப்புறம் 14, 21. மூன்று வாரமும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாராவது வந்து உட்காருவார்கள். "இந்த விவாகத்துக்குத் தடை சொல்ல யாருக்காகிலும் காரணம் உண்டா" என்று பாஸ்டர் கேட்கிறபோது நம் சபையில் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆனால் பியூலா எழுந்து ஒரு சத்தம் போட்டால் போதாதா? 25-ஆம் தேதி வியாழக்கிழமை கல்யாணம்.

அவளைப் பற்றி: சாதத்தில் குழம்பு படக்கூடாது. தலை வாரினால் கடிப்பாள், வாராதே. அவள் உடுப்பை மாற்றி வைக்காதே. கத்தினால் உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிடு, தானாக அடங்குவாள். ஆட்கள் வரும்போது வெளியே விடாதே. மூன்றாவது ஞாயிறு அம்மா வருவேன் என்று சொல்லித்தான் பஸ் ஏற்றினேன். வேறு எதைச் சொல்லியும் அவள் ஏறவில்லை. அவளுக்கு நாள் கிழமையெல்லாம் எங்கே தெரியப்போகிறது. கல்யாணமும் விருந்தும் முடிந்த பிறகு நிதானமாக வருகிறேன்.

அண்ணி
கிருபாபாய்

•

திருப்பதி
13-8-1977

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் பட்டியல் கிடைத்தது. எல்லாம் 'செய்யாதே'தான். என்ன செய்தால் அந்தப் பிள்ளை சந்தோஷமாக இருக்கும் என்று அதில் ஒரு வரி தேடினேன். அகப்படவில்லை.

முப்பத்தெட்டு காலேஜ் பெண்களைக் கட்டி மேய்க்கிறவளுக்கு ஒன்பது வயசுப் பிள்ளை ஒரு பெரிய விஷயமா என்றுதான் நானும் நினைத்தேன். அந்தத் திமிர் இரண்டு நாளில் இறங்கிவிட்டது. முதல் நாள் முழுக்க என் கட்டிலுக்கு அடியில் கிடந்தாள். சமையல்காரி தாட்சாயணி குனிந்து குனிந்து பார்த்து இடுப்பு வலி வந்ததுதான் மிச்சம். இரண்டாம் நாள் நான் தூக்கி எடுக்கப் பார்த்தேன். என் கையில் ஏழு பல் பதிந்திருக்கிறது, மாணவிகள் எண்ணிச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள்தான் ஒன்றைக் கவனித்தேன். ஹாஸ்டல் மணி அடித்தால் வெளியே வருகிறாள். காலை ஆறு, எட்டு, மதியம் ஒன்று, சாயங்காலம் நாலரை, அப்புறம் எட்டு. மணி சத்தம் கேட்டதும் அவளே வந்து தட்டை எடுத்துக்கொண்டு நிற்கிறாள். நாம் கூப்பிட்டால் வருவதில்லை. நம் வாய் நேரத்துக்கு ஒன்று சொல்லும், மணி அப்படிச் சொல்லாது போலிருக்கிறது.

சாப்பாட்டு ஹாலில் தெலுங்கில் மெனு போர்டு மாட்டியிருக்கிறோம். அதன் அடியில் போய் நிற்பாள். வியாழக்கிழமை இட்லி என்று போட்டிருந்தது, மாவு சரியாகப் பொங்கவில்லை என்று தாட்சாயணி தோசை வார்த்துவிட்டாள். பியூலா தட்டைத் தரையில் அடித்த அடியில் தட்டு நெளிந்தது. மாணவிகளில் சிலர் பயந்தார்கள், சிலர் சிரித்தார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, போர்டில் இட்லியை அழித்துவிட்டு தோசை என்று எழுதினேன். அதை வாசித்தாள். உட்கார்ந்தாள். தின்றாள். கதவைச் சாத்தவேண்டிய தேவையே வரவில்லை.

அவள் தெலுங்கு வாசிக்கிறாள் என்று நீங்கள் ஏன் எனக்குச் சொல்லவில்லை? உங்களுக்கே தெரியாதா? இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனாளே.

கேள்வி கேட்டால் பதில் சொல்வதில்லை. கேட்டதையே திருப்பிச் சொல்கிறாள். எப்போதோ கேட்டதையும் சொல்கிறாள், யார் சொன்னார்களோ அவர்கள் குரலிலேயே. தினமும் காலையில் எழுந்ததும் உங்கள் குரலில், "மூணாவது ஞாயித்துக்கெழம அம்மா வருவேன்" என்கிறாள். அண்ணியே வந்துவிட்டார்களோ என்று எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. சொல்லிவிட்டு நாள்காட்டியில் விரல் வைத்துப் பார்க்கிறாள்.

வருவீர்கள்தானே?

ஞானமணி

•

சித்தூர்
18-8-1977

அன்புள்ள ஞானம்,

தலைக்கு மேல் வேலை, இரண்டு வரிதான் எழுத முடியும். இந்த ஞாயிறு மூன்றாம் ஓலை. மாப்பிள்ளை வீட்டார் எட்டுப் பேர் ஆராதனைக்கு வந்துவிட்டு நம் வீட்டில் சாப்பிடுகிறார்கள். அன்றைக்கு நான் திருப்பதி பஸ் ஏற முடியுமா, நீயே சொல். ஏதாவது சொல்லிச் சமாளி. சாக்லேட் வாங்கிக் கொடு. நீ கல்யாணத்துக்கு வர முடியாது என்று எனக்கும் வருத்தம்தான், ஆனால் நீ வந்தால் அவளை யார் பார்ப்பது? ஹெப்சியிடம் நீ காய்ச்சலாக இருக்கிறாய் என்று சொல்லிக்கொள்கிறேன்.

கிருபாபாய்

•

திருப்பதி
22-8-1977

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை மத்தியானத் தபாலில் வந்தது. "அம்மா நாளைக்கு வரல" என்று பியூலாவிடம் சொன்னேன். அவள் உங்கள் குரலில் பழையபடி, "மூணாவது ஞாயித்துக்கெழம அம்மா வருவேன்" என்றாள். நான் மறுபடியும் சொன்னேன். அவள் மறுபடியும் சொன்னாள். என் சொல்லை விட உங்கள் சொல் அவளுக்குப் பெரிது. அதற்கு நீங்கள் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

நேற்று ஆறு மணிக்கு முன்னாலேயே முகம் கழுவி, கோயிலுக்குப் போடுகிற வெள்ளைக் கவுனைத் தானே மாட்டிக்கொண்டு கேட் பக்கத்துப் படியில் போய் உட்கார்ந்தாள். பொத்தானெல்லாம் ஒன்று மாறி ஒன்று போட்டிருந்தது. எட்டு மணிக்கு மணி அடித்தது. வரவில்லை. ஒரு மணிக்கு அடித்தது. வரவில்லை. அந்த மூன்றாம் நாளிலிருந்து மணிக்கு அவள் அசையாமல் இருந்தது நேற்றுதான். வெயில் ஏறியது. குடை பிடித்துக்கொண்டு நின்ற மாணவியைத் தள்ளிவிட்டாள். சித்தூர் பஸ் எது வந்தாலும் கேட்டுக்கு வெளியே ஹார்ன் அடித்துக்கொண்டுதான் போகிறது, அது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு ஹார்னுக்கும் எழுந்து நிற்பாள்.

நாலரை மணிக்குப் பிறகு கேட்டில் நெற்றியை மோத ஆரம்பித்தாள். நானும் தாட்சாயணியும் நடுவில் தலையணையை வைத்துப் பிடித்துக்கொண்டோம், வேறென்ன செய்வது. நெற்றியில் இரண்டு தையல். அழவில்லை அண்ணி. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

இன்று காலை எழுந்தாள். எப்போதும் சொல்லும் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.

நாள் கிழமை அவளுக்கு எங்கே தெரியும் என்று எழுதினீர்கள். அவளுக்குத் தெரிந்ததே அது ஒன்றுதான். நீங்கள் ஹெப்சியைக் கட்டிக்கொடுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றால் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே. நானும் பிள்ளை பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், நீங்கள் அவளிடம் பேசுவதே இல்லை, அவளை நகர்த்துவதற்கு ஏதாவது சொல்லுவீர்கள்.

எனக்குக் காய்ச்சல் எல்லாம் ஒன்றுமில்லை என்று ஹெப்சியிடம் சொல்லுங்கள்.

ஞானமணி

•

சித்தூர்
20-9-1977

ஞானமணிக்கு,

உன் கடிதத்தைக் கல்யாணத்துக்கு முதல் நாள் வாசித்தேன். நலங்கு வைக்க வந்தவர்கள் கூடத்தில் இருக்கும்போது குளியலறைக்குள் போய் வாசித்தேன். போட்டோவில் என் கண் எப்படி இருக்கிறது என்று நீ பார்க்கலாம், ஒன்று அனுப்பியிருக்கிறேன். குடும்பமாக எடுத்த போட்டோவில் பியூலா நிற்க வேண்டிய இடத்தில் பூச்சாடி இருக்கிறது. உன் அண்ணன்தான் நகர்த்தி வைத்தார்.

ஒரு மாதம் பதில் எழுதாமல் இருந்தேன். எழுதினால் வாய் தவறிவிடும் என்று பயம். இப்போதும் தவறத்தான் போகிறது.

நீ பெற்றவள் இல்லை. பெற்றிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டாய். அவள் கைக்குழந்தையாக இருக்கும்போது நான் தூக்கினால் கட்டை மாதிரி விறைத்துக்கொள்வாள். கீழே விட்டால் அடங்குவாள். எந்தப் பிள்ளையாவது அம்மா கீழே விட்டால் அழுகையை நிறுத்துமா? ஒன்பது வருஷத்தில் ஒரு நாளும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டதில்லை. ஒரு தரம் என் முகத்தை நிமிர்ந்து பார்த்திருப்பாளா? கர்ப்பத்தில் நான் ஏதோ பாவம் செய்திருக்கிறேன் என்றார்கள். ஜெபக்குறைவு என்றார்கள். சபையின் உபவாசக் கூட்டத்தில் பதினோரு பேர் அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். அவள் துடித்த துடிப்பைப் பார்த்து, "பாத்தியா, உள்ள இருக்கிறது போவுது" என்றார்கள். நானும் நம்பி அவள் இரண்டு காலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள். இதையெல்லாம் நீ பார்த்தாயா? கிறிஸ்துமஸுக்கு வந்து கேக் சாப்பிட்டுவிட்டுப் போனவள் நீ.

ஏழு வாரத்தில் அவள் உனக்குப் போர்டு வாசித்துக் காட்டுகிறாள். சந்தோஷம். மணி அடித்தால் வருகிறாள். சந்தோஷம். அப்படியானால் அங்கேயே இருக்கட்டும். நான் பேசத் தெரியாத தாய்தானே.

கிருபாபாய்

•

திருப்பதி
16-1-1978

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் செப்டம்பர் கடிதத்துக்கு இப்போதுதான் பதில். அதை வாசித்த அன்று எழுதியிருந்தால் நானும் உங்களைப் போலவே எழுதியிருப்பேன். அதற்குப் பிறகு எழுத எனக்கு முகம் இல்லாமல் போய்விட்டது. ஏன் என்று சொல்லுகிறேன்.

நவம்பரில் ஹாஸ்டல் கமிட்டியார் பார்வையிட வந்தார்கள். ஹாஸ்டலில் வார்டன் சொந்தக்காரப் பிள்ளையை வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. முதல் நாள் முழுக்க யோசித்தேன். அன்று காலை பியூலாவை மளிகை அறைக்குள் விட்டு, "அஞ்சு நிமிஷம், அத்த வந்துருவேன்" என்று சொல்லிக் கதவைப் பூட்டினேன். அவர்கள் போக இரண்டேகால் மணி நேரம் ஆனது. திறந்தபோது அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். தன் மணிக்கட்டைக் கடித்துக் கடித்து ரத்தம். ஐந்து நிமிஷம் என்றால் எவ்வளவு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும் அண்ணி, சாப்பாட்டு ஹால் கடிகாரத்தை அவள் பார்க்காத நாள் இல்லை.

உங்களுக்கு அவ்வளவு எழுதிய நான், உங்களைப் போலவே செய்தேன். என் வேலைக்குப் பயந்து செய்தேன். பதினைந்து நாள் என் பக்கத்திலேயே வரவில்லை, தாட்சாயணி பின்னாலேயே சுற்றினாள். பிறகு நானே கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். திட்டினார். அப்புறம், "ஆ பிள்ளனு உண்டனிய்யி" என்றார். இருக்கட்டும் விடு என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்காகவா பூட்டினேன் என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

பொங்கல் விடுமுறையில் வேலூர் கூட்டிக்கொண்டு போனேன். எந்த பஸ், எத்தனை மணி, எங்கே இறங்குவோம், டாக்டர் என்ன செய்வார், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எல்லாம் ஒரு தாளில் எழுதி இரண்டு நாள் முன்னாலேயே கொடுத்துவிட்டேன். ஒரு சத்தம் இல்லாமல் வந்தாள். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்றது. அங்கே மட்டும் தலையைக் குனிந்து சீட்டுக்கு அடியில் போய்விட்டாள். சித்தூர் என்று நான் தாளில் எழுதவில்லை. அது என் தவறு.

லேடி டாக்டர் அரை நாள் அவளோடு உட்கார்ந்திருந்தார். இதற்கு ஆட்டிசம் என்று பெயராம். பிறவியிலேயே அப்படி. பேய் இல்லை, பாவம் இல்லை, பைத்தியம் இல்லை. தொடுவதும் சத்தமும் நமக்குப் படுவதை விட அவளுக்குப் பல மடங்கு அதிகமாகப் படுமாம். அதனால்தான் கைக்குழந்தையில் விறைத்தாள் அண்ணி, உங்களை வேண்டாம் என்று இல்லை. சொன்ன சொல் அவளுக்குச் சொன்னபடியேதானாம். நாம் பேச்சுக்குச் சொல்வது, சமாளிக்கச் சொல்வது எல்லாம் அவளுக்குக் கிடையாது. முன்கூட்டியே சொல்லுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றைச் சொல்லுங்கள், எழுதிக் காட்டுங்கள், சொன்னதை மாற்றாதீர்கள் என்றார். மருந்து இல்லையா என்று கேட்டேன். "இதுதான் மருந்து" என்றார்.

இன்னொன்றும் கேட்டேன், உங்களுக்காக. தாய் பாசம் காட்டாவிட்டால் இப்படி ஆகும் என்று சில புத்தகங்களில் போட்டிருக்கிறதாமே என்று. "நான் எத்தனையோ தாய்மாரைப் பார்த்துவிட்டேன், அதை நம்பவில்லை" என்று சொன்னார். இதை உங்களுக்கு எழுத வேண்டும் என்றுதான் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன்.

பெற்றவள் இல்லை என்று எழுதியதை நான் மறக்கவில்லை. ஆனால் அதில் பொய் இல்லை.

உங்கள் ஞானம்

•

சித்தூர்
2-4-1978

அன்புள்ள ஞானத்துக்கு,

உன் ஜனவரி கடிதம் என் பைபிளுக்குள் இருக்கிறது. எத்தனை முறை வாசித்தேன் என்று உன் அண்ணனைக் கேள். ஒரு கை பட்டாலே தாங்காத பிள்ளையின் தலையில் பதினோரு பேர் கையை வைக்க விட்டு நான் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இதை நினைக்காமல் இப்போது என்னால் ஜெபத்துக்குக் கண்ணை மூட முடியவில்லை.

ஹெப்சிக்கு ஆறு மாதம் நடக்கிறது. ஈஸ்டருக்குப் பார்க்கப் போயிருந்தோம். அங்கே எல்லாம் வெளியே வந்துவிட்டது. நாங்கள் சொல்லவில்லை, ஹெப்சியே முன்பே சொல்லிவிட்டாள். தனக்குப் பிறப்பதும் பியூலா மாதிரி இருந்துவிடுமோ என்று பயந்து பயந்து, ஒரு நாள் மாமியார் மடியிலேயே விழுந்து அழுதிருக்கிறாள். நான் போய் உட்கார்ந்ததும் சம்பந்தியம்மா சுந்தரம்மா கதவைச் சாத்தினார்கள்.

அவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அந்தப் புள்ள அப்பிடி இருக்கறது தப்பு இல்லம்மா. எம் மருமவ ஏழு மாசமா இத நெஞ்சுக்குள்ளயே வச்சிக்கினு துன்னாம தூங்காம இருந்தாளே, அதுக்கு நீங்கதான காரணம்? கூடப்பொறந்த தங்கச்சி ஒரு நாளாவது அக்கா கல்யாணத்தப் பாக்க வேணாமா?" என்றார்கள். அப்புறம் எனக்குச் சோறு போட்டார்கள்.

மறைக்க வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை, ஞானம். புத்தூர்க்காரி சொன்ன ஒரு வார்த்தையை உலகமே சொல்லும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

இனி யாருக்காகப் பயப்பட வேண்டும்? என் பிள்ளையைக் கூட்டிவந்துவிடுகிறேன். உன் அண்ணன் கூடத்துக்கு ஒரு மணி வாங்கி மாட்டிவிட்டார். நேரப்படி அவரே அடிக்கப் போகிறாராம். நான் தெலுங்கு எழுத்து மறந்துவிட்டதால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அரிச்சுவடிப் புத்தகம் வாங்கி எழுதிப் பழகுகிறேன். மே மாதம் ஹாஸ்டல் லீவு விட்டுவிடும் அல்லவா? ஏப்ரல் 29 சனிக்கிழமை நாலு மணிக்கு வருகிறேன். எழுதிக் கொடுத்துவிடு. இந்த முறை வருவேன்.

அண்ணி

•

திருப்பதி
30-4-1978

அண்ணிக்கு,

இது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. நாலு மணிக்கு வந்தீர்கள். காலி செய்துவிட்டுப் போகிற மாணவிகளுக்கு நான் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம், அவ்வளவுதான். வந்து பார்த்தால் நீங்கள் இல்லை. கொண்டுவந்த முறுக்கு டப்பா மேசை மேல் இருக்கிறது. "அம்மா கண்ண தொடச்சிக்கினே போச்சிம்மா" என்கிறாள் தாட்சாயணி. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மறுபடியும் விட்டுவிட்டுப் போய்விட்டீர்களா?

பியூலா கேட்டில் உட்காரவில்லை, முட்டிக்கொள்ளவில்லை. நாலரைக்கு டிபன் சாப்பிட்டுவிட்டு, ஹாலில் நடந்துகொண்டே ஏதோ ராகம் முனகிக்கொண்டிருந்தாள். இந்த வாரம் முழுக்க நான் பார்க்காத நிம்மதி. அதுதான் எனக்குப் புரியவில்லை. நீங்கள் எழுதும்வரை நான் யாரிடம் கேட்பேன்?

லீவில் இங்கே நானும் அவளும் தாட்சாயணியும்தான். மணி மட்டும் வழக்கம்போல அடிக்கும்.

ஞானம்

•

சித்தூர்
3-5-1978

அன்புள்ள ஞானம்,

சொல்லாமல் வந்தது தப்புதான். உன் முகத்தைப் பார்த்திருந்தால் நான் உடைந்து போயிருப்பேன், அவள் எதிரில் சத்தம் போட்டு அழுதிருப்பேன். அது அவளுக்கு ஆகாது. அதனால்தான் பஸ் ஏறிவிட்டேன். என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

நான் ஹாலுக்குள் போனபோது அவள் நின்றுகொண்டிருந்தாள். வளர்ந்திருக்கிறாள். முடியைக் கத்தரித்திருக்கிறாய், நன்றாக இருக்கிறது. நான் கிட்டே போகவில்லை, தொடவில்லை, நீ எழுதியதெல்லாம் ஞாபகம் இருந்தது. தள்ளி நின்று, "பியூலா, அம்மா வந்துட்டேன். நாம நம்ம வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

வீடு என்று நான் சொன்னதும் பெஞ்சுக்கு அடியில் போய் அதன் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை. பேச ஆரம்பித்தாள். என் குரலில் பேசினாள்.

"உள்ள போ. கதவ சாத்திக்கோ. ஆளுங்க வந்துக்கினு இருக்காங்க. வெளிய வராத. சத்தம் போட்ட தோல உரிச்சிருவேன். அக்காவுக்குக் கல்யாணம் ஆவ வேணாமா? உள்ள போ. சனியனே, உள்ள போ."

நீ எழுதியிருந்தாய், நானே எதிரில் நிற்பது போல இருக்கும் என்று. அப்படியேதான் இருந்தது. என் குரல் அவ்வளவு கொடுமையாக இருக்கும் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. அவள் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை, ஞானம். என்னைக் குத்திக் காட்டவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தாள். வீடு என்றால் என்ன என்று கேட்டால் அவளுக்குத் தெரிந்த பதில் அதுதான். அது நான் சொல்லிக் கொடுத்தது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பெஞ்சைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

வீடு இப்போது அப்படி இல்லை, நைனா மணி மாட்டியிருக்கிறார், யாரும் கதவைச் சாத்த மாட்டோம் என்றெல்லாம் சொல்ல வாய் வந்தது. அதை அவள் எப்படி நம்புவாள்? போன தடவை பஸ் ஏற்ற நான் சொன்னதும் இதே வாய்தானே. இழுத்தால் வந்துவிடுவாள், சின்ன உடம்புதான். இரண்டு பேர் பிடித்தால் பஸ்ஸில் ஏற்றிவிடலாம். காலைப் பிடித்துக்கொள்ள எனக்குப் பழக்கம் உண்டு. அந்த நினைப்பு வந்ததும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

தரையில் உட்கார்ந்தேன். அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, "அம்மா உன்ன கூட்டிக்கினு போவல. நீ இங்கதான் இருப்ப. அத்த கூட இருப்ப" என்றேன். அவள் ஒப்பிப்பது நின்றது. இன்னொரு தடவை சொன்னேன். சொல்லும்போது அதைத் திருப்பி எடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அவள் என் குரலிலேயே, "நீ இங்கதான் இருப்ப" என்றாள். மூன்று நாலு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு பெஞ்சுக் காலை விட்டாள். மணி அடித்தது. எழுந்து, எனக்கு ஒரு முழம் தள்ளி நடந்து போய்த் தட்டை எடுத்துக்கொண்டாள்.

நீ பார்த்த நிம்மதி அதுதான். நான் கூட்டிப் போகவில்லை என்றதில் வந்த நிம்மதி. பெற்றவள் இதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன்.

உன் அண்ணனிடம் சொன்னேன். நேராக மாட்டிய மணியைக் கழற்றப் போனார். இருக்கட்டும் என்றேன். என்றைக்காவது அவளே கேட்டு ஒரு நாள் வந்தால், வரட்டும். நான் கேட்க மாட்டேன். அவளாகக் கேட்கிற வரைக்கும் வீடு என்ற வார்த்தையை அவளிடம் நான் எடுக்க மாட்டேன்.

ஆனால் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. இந்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை வரட்டுமா? பஸ் ஓடாவிட்டால் லாரியிலாவது வருவேன். உன் தெலுங்கு எழுத்துதான் அவளுக்குப் பழக்கம், நீயே ஒரு தாளில் எழுதிக் கொடு. இப்படி எழுது:

'மே 13, சனிக்கிழமை. நாலு மணிக்கு அம்மா வருவாள்.
ஆறு மணிக்கு அம்மா தனியாகத் திரும்பிப் போவாள்.'

முதல் வரியை மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதே, ஞானம். இரண்டாவது வரியைக் கொஞ்சம் பெரிதாகவே எழுது. அதை வாசித்தால்தான் அந்த வாரம் முழுக்க அவள் பயமில்லாமல் சாப்பிடுவாள்.

உன் அண்ணி
கிருபாபாய்